நாவல் எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி: எழுத்துக்குக் கொடுக்கும் நேரம் வாழ்க்கையிலிருந்து திருடியதா?

கேள்வி – திருவொற்றியூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாவல் எழுதியவர்களும் எழுதிக்கொண்டிருப்பவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால், பதினான்கு மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கேட்கத் துணிந்தேன். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 43. மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சரிபார்ப்பாளராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும், அதன் சீல் எண்ணையும், பக்கவாட்டில் நசுங்கலோ துளையோ இருக்கிறதா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. பெட்டி எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் தனக்கு முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் பெறப்படுவது. ஆகையால் நடுவில் ஒன்றைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நின்றுவிட்டு வரும் லாரி ஓட்டுநர்களுக்கு அவசரம். டார்ச் வெளிச்சத்தில், துருவுக்கு நடுவே, அந்தப் பதினொன்றையும் படிக்க வேண்டிய நான் மட்டும் அவசரப்படக் கூடாது.

ஆறு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். என் நைனா பெரம்பூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் தறி ஓட்டியவர். அந்த ஆலையின் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் எங்கள் ஆயா உலை வைப்பார். தெருவே அந்தச் சங்குக்கு எழுந்து அந்தச் சங்குக்குச் சாப்பிட்டது. அந்த உலகம் மறைந்துபோவதற்குள் அதை எழுதிவிட வேண்டும் என்று தொடங்கினேன். நானூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது.

சென்ற ஆண்டு நைனா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கடைசி மூன்று நாட்களும் பேச்சில்லை. இரண்டாம் நாள் இரவு, இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசின. எதையோ முறுக்குவதுபோல அசைந்தன. பிறகு கை சட்டென்று நெஞ்சுப் பக்கம் இழுபட்டது. மறுபடியும் அதே. போர்வையை அவர் தொடவில்லை, காற்றில்தான் அது நடந்தது. அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்த அந்த நொடியில் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கண்டதை ஒரு வரியாகத் தட்டச்சு செய்தேன். சரியாக அமையவில்லை என்று இரண்டு சொற்களை மாற்றவும் செய்தேன். நிமிர்ந்தபோது கட்டிலின் கால்மாட்டில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கழித்து விடியற்காலையில் நைனா போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு ஓர் இரவு அவள் மெதுவாகக் கேட்டாள்: “அந்த நேரத்துலகூட அவர் கையைப் பிடிச்சுக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?”

அன்றிலிருந்து ஒரு பக்கமும் எழுதவில்லை. அந்த வரி இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. அதை நாவலில் வைக்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. மகளின் பள்ளி விழா, மைத்துனன் திருமணம், காசிமேட்டில் மீன் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள் என்று யோசித்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் நான் பாதிதான் இருந்திருக்கிறேன். மீதிப் பாதி வாக்கியம் தேடிக்கொண்டிருந்தது. முழுமையாக வாழ்ந்துகொண்டே எழுத முடியுமா, அல்லது ஒன்றை இழந்துதான் மற்றதைப் பெற வேண்டுமா? எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – வியாசை மாணவன்

அண்ணா, உங்கள் துயரத்துக்கு என் வருத்தங்கள். நான் சிறுகதைக்கு அப்பால் போகாதவன் என்பதால் நடைமுறை சார்ந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அதன் பிறகு அலுவலகத்துக்குப் போய்விடுவார். இந்த முறையைத் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் அவர் எழுதியவை 47 நாவல்கள். எழுத்துக்கு ஒரு நேரத்தை ஒதுக்கி, அது முடிந்ததும் நோட்டை மூடிவிட்டால், மிச்சமுள்ள நேரம் முழுவதும் குடும்பத்துடன் இருக்கலாம் அல்லவா? எல்லா நேரமும் எழுத்தாளனாக இருப்பதுதான் உங்களைப் பாதியாக்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு ஷிப்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பதில் – ராயபுரம் கரையோரன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எனக்கு 67 வயது. தங்கசாலையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக வாழ்க்கையைத் தொடங்கியவன். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலம் அது. திருத்திய கேலி புரூஃபின், அதாவது பிழை பார்க்க எடுக்கும் நீளமான அச்சுத் தாளின், வெற்றுப் பக்கத்தில்தான் என் முதல் நாவலை எழுதினேன். இதுவரை மூன்று நாவல்கள் வந்துள்ளன. பெரிதாக விற்கவில்லை, ஆனால் மூன்றையும் இன்றைக்கும் என்னால் தலைநிமிர்ந்து படிக்க முடிகிறது. ஆகவே, அனுபவம் என்று கேட்டதால் சொல்கிறேன்.

முதல் நாவல் காசிமேட்டைப் பற்றியது. நான் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறக்கவில்லை. அதனால் இரண்டு ஆண்டுகள், ஞாயிறு தவறாமல், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். படகின் அளவு, வலையின் வகை, மீன் ஏலத்தில் சொல்லும் சொற்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வலை பின்னும் பெரியவர் ஒருவர் என்னைப் பல வாரங்கள் பார்த்துவிட்டு ஒருநாள், “எழுதுறத அப்புறம் எழுதலாம், இத கொஞ்சம் இழுத்துப் பிடி தம்பி” என்று கிழிந்த வலையின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். அவர் மறுமுனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, ஊசியை ஒவ்வொரு கண்ணியாக நுழைத்து இழுத்து முடிந்துகொண்டே போனார். மூன்று மணி நேரம் பிடித்தேன். இழுவை தளர்ந்தால் கண்ணி சிறுத்துவிடும், அதிகமானால் பெருத்துவிடும். அவர் எதுவும் சொல்லாமல் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், நான் சரிசெய்துகொள்வேன். நைலான் நூல் விரல் இடுக்கை அறுத்தது. உப்புக் காய்ந்த வலைக்கு ஒரு விறைப்பு உண்டு. வெயில் ஏற ஏற அது மாறுவதை என் கை அறிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், இரண்டு ஆண்டுக் குறிப்புகளில் இது ஒன்றுகூட இல்லை. இருந்தவை எல்லாம் தள்ளி நின்று பார்த்தவனுக்குத் தெரிந்தவை மட்டுமே. கடைசியில் நாவலுக்குள் வந்தது அந்த மூன்று மணி நேரம்தான்.

அதற்குப் பிறகு குறிப்பேட்டைக் கரைக்கு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தேன். குறிப்பெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தேதி, விலை, ஊர்ப்பெயர் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெய்ப்புத் திருத்தியவன் அதில் அலட்சியம் காட்ட மாட்டேன். ஆனால் ஒரு காட்சியை நடக்கும்போதே வாக்கியமாக்கிவிட்டால், பிறகு நினைவில் நிற்பது அந்த வாக்கியம்தான், காட்சி நழுவிவிடுகிறது. அன்றைய மீனை அன்றே விற்கலாம். கருவாட்டுக்கு உப்பு வேண்டும், வெயில் வேண்டும், நாள் வேண்டும். நாவலுக்கு வேண்டியது கருவாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு, கசிந்த எண்ணெய் நம் கரையில் ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுதத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. போன இடத்தில் என் வயதுக்காரர் ஒருவர் வாளியைத் தூக்க முடியாமல் தடுமாறியதைக் கண்டு, அவரிடமிருந்து வாங்கிக் கைமாற்றும் வரிசையில் நின்றுவிட்டேன். அன்று எழுதவில்லை, மறுநாளும் எழுதவில்லை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போக வெகு நாளாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு கதையில், மகனை இழந்த ஒருத்தி பாத்திரம் தேய்க்கும் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தக் கறுப்பு தானாக வந்து அவள் விரலில் உட்கார்ந்தது. படைப்பு மனம் என்று சொல்கிறோமே, அது எனக்கு வேலை செய்கிற விதம் இதுதான். நான் போட்ட இடத்தில் எதையும் அது வைத்திருப்பதில்லை. அழைக்காத நேரத்தில், நான் கேட்காத ஒன்றை எடுத்து நீட்டுகிறது. உடம்போடு ஒட்டியதைத்தான் அதனால் நீட்ட முடியும் என்பதை மட்டும் அறிந்துவைத்திருக்கிறேன்.

முழுமையாக வாழ்வது என்றால் அலைந்து திரிவது, ஆபத்தில் குதிப்பது என்று இளமையில் நினைத்திருந்தேன். எழுத்தாளர் ஆர். சூடாமணி உடல்நலக் குறைவால் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கற்றவர். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர். அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கதைகளில் எத்தனை மனிதர்கள், எத்தனை நுட்பமான மனக்கோணங்கள்! எதிரே இருப்பவரிடம் எவ்வளவு நேரம் நம்மால் முழுதாக இருக்க முடிகிறது என்பதுதான் அளவுகோல் என்று இப்போது நம்புகிறேன்.

உங்கள் கைப்பேசி வரிக்கு வருகிறேன். அது திருட்டு இல்லை. நைனாவின் கை பேசியதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்றால் அது நீங்கள்தான். ஆறு ஆண்டு உழைப்புதான் அந்தக் கண்ணைக் கொடுத்தது. அதே சமயம் உங்கள் மனைவி கேட்டதும் நியாயம். கையைப் பிடித்திருக்கலாம். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை ஆற்றிக்கொள்ள முயல வேண்டாம். அந்தக் குறை அப்படியே நாவலுக்குள் வரட்டும். பார்த்துக்கொண்டிருக்கிற மகன், கையைப் பிடிக்காத மகன், அவனும் அந்தக் கதையில் ஓர் ஆள்தானே?

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிவில் ஆலையைப் பற்றி எழுதிய வரிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை கேட்டு எழுதியவை. துருவுக்கு நடுவே பதினொரு குறிகளை டார்ச் அடித்துப் படிப்பதைச் சொன்ன இடத்தில்தான் என் முதுகு நிமிர்ந்தது. அது உங்கள் நாவலில் இருக்கிறதா? பெரிய விஷயம் நைனாவின் ஆலை, நம் பிழைப்பு வெறும் பிழைப்பு என்று அதை வெளியே நிறுத்தியிருப்பீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். பாதியாக வாழ்கிறேன் என்கிறீர்கள். எழுத்தும் உங்களில் பாதியைத்தான் உள்ளே விட்டிருக்கிறது போலும்.

பதில் – காலடிப்பேட்டை வாசகி

கரையோரன் ஐயா எழுதியதை மதிக்கிறேன், பெரும்பகுதியில் உடன்படுகிறேன். ஆனால் இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எழுதும் நேரம் வாழ்க்கையிலிருந்து வருகிறது என்று பொதுவாகப் பேசுகிறோம். யாருடைய வாழ்க்கையிலிருந்து? கரையில் மூன்று மணி நேரம் வலை பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐயாவின் வீட்டில் சமைத்தது யார் என்ற கேள்வி எனக்கு உடனே எழுந்தது. குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்களில் பலருக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைத்ததே இல்லை என்பதால் கேட்கிறேன்.

நான் இரண்டு குறுநாவல்கள் எழுதியிருக்கிறேன். முதலாவதை எழுதியது 2003-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தில். எங்கள் தெருவுக்கு லாரி ஐந்து மணி வாக்கில் வரும் என்றால், நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்தாக வேண்டும். வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தால் குடம் இடம் மாறிவிடும். ஆகவே தெருவிளக்கின் கீழ், கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்து, மடியில் பழைய காலண்டர் தாள்களை வைத்து எழுதுவேன். பக்கத்துக் குடத்துக்காரப் பெண்கள் முதலில் கடன் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்தார்கள். கதை என்று தெரிந்த பிறகு, நேற்று விட்ட இடத்திலிருந்து படித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருத்தி, “மாமியாரு அப்படிப் பேச மாட்டா, நேரா சொல்ல மாட்டா, பூனையத் திட்டுற மாதிரி திட்டுவா” என்றாள். மாற்றினேன். அந்த நூலில் அத்தியாயங்கள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாததைப் பாராட்டி ஒருவர் எழுதினார். லாரியின் ஹாரன் கேட்டதும் எழுந்து ஓட வேண்டியிருந்ததால் வந்த வடிவம் அது.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனின் முதல் நாவல் 1970-இல் வெளியானபோது அவருக்கு 39 வயது. கணவரைப் பிரிந்து இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழுவதற்கு முந்திய விடியலில் எழுதினார். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். டிராலப்பின் விடியற்காலையும் மாரிசனின் விடியற்காலையும் ஒரே நேரம்தான். எழுதி முடித்து எழுந்தபோது காத்திருந்த வேலை மட்டும் ஒன்றல்ல.

தம்பி, நீங்கள் எழுதிய பதிவில் உங்கள் மனைவி இரண்டே இடத்தில் வருகிறார்: கால்மாட்டில் நிற்கிறார், பிறகு கேள்வி கேட்கிறார். மூன்று நாளும் அவர் அங்கே இருந்திருப்பார்தானே? மருந்து வாங்கியது, துணி மாற்றியது, இரவில் பக்கத்தில் விழித்திருந்தது யார்? அந்த அறையில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று ஐயா சொல்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

பதில் – பழைய தறிக்காரர்

வணக்கம் தோழர். நான் எழுத்தாளன் இல்லை, வாசகன். ஓட்டேரியில் இருக்கிறேன். 1971-இல் ஆலையில் சேர்ந்து தறிப் பிரிவில் இருந்தவன். ஆலைக் கதை என்றதும் எழுதத் தோன்றியது. என் பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

வாழ்வதா, எழுதுவதா என்று நீங்கள் எல்லோரும் பேசுவதைப் படித்தபோது எனக்குத் திரு.வி.க. நினைவுக்கு வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று நம் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவோடு முன்னின்றவர். அப்போது அவர் ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியர். பிறகு ‘நவசக்தி’யை நடத்தினார். தலையங்கம் எழுதிய கைதான் ஆலைத் தொழிலாளிக்காக மேடையிலும் உயர்ந்தது. முதுமையில் கண்பார்வை போய்ப் படுக்கையில் விழுந்த பிறகும், அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எங்கள் சங்கத்து மூத்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது எழுத்து வேறு, சங்க வேலை வேறு என்று பிரித்துச் சொல்லிக் கேட்டதே இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் அப்பாவின் கையைப் பற்றியது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலையில் வேலை செய்தவர்கள் உங்கள் புத்தகத்தைப் படிக்கும்போது தறியைப் பற்றி ஒன்று பிசகினால் கீழே வைத்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், இழை அறுந்தால் முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். ஒரு கை அறுந்த நுனியைப் பிடித்திருக்கும், மற்றது புது நூலைச் சுற்றிக்கொண்டு வரும். அவருடைய இடது கையில் ஊசி இருந்தது, அதனால் ஒரு கையால் செய்தார் என்று கொள்ளலாம். ஆனால் முடிச்சுப் போடுகிறவன் கையை நெஞ்சுப் பக்கம் இழுக்க மாட்டான். இழுத்தால் பக்கத்து இழையும் போய்விடும்.

தறிக்கூடத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. நாங்கள் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வோம். எங்கள் வரிசையில், இரண்டு விரலை உரசிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது என்று பொருள். கையைத் தன் பக்கம் இழுத்தால் ‘இங்கே வா’ என்று பொருள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால், ‘இங்கே அறுந்திருக்கிறது, என் ஒருவனால் ஆகவில்லை, வந்து ஒரு கை கொடு’ என்று பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிடுகிறோம். எல்லா ஆலையிலும் இதே சைகை இருந்ததா என்பது வேறு விஷயம். எங்கள் வரிசையில் இப்படித்தான். நான் அந்த அறையில் இல்லை, அதனால் உங்கள் அப்பா கூப்பிட்டார் என்று சாதிக்க மாட்டேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என் கை தானாக எழுந்தது. அதை மட்டும் சொல்லலாம்.

கேட்டவரின் மறுமொழி – திருவொற்றியூர்க்காரன்

நான்கு நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை. பழைய தறிக்காரர் ஐயா எழுதியதைப் படித்த அன்று இரவு யார்டில் இரண்டு பெட்டி எண்களைத் தவறாகக் குறித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

வாசகி அம்மா சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். நீ என்ன பார்த்தாய் என்றுதான் கேட்டேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். அன்று மாலை நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது நைனா அதே போலக் கையை அசைத்திருக்கிறார். அவளுக்குத் தறியும் தெரியாது, இழையும் தெரியாது. “எதையோ கேக்குறாரு, என்ன வேணும்னு தெரியல, அதனால என் விரலக் குடுத்தேன்” என்றாள். அவர் அவளுடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி, இல்லாத ஒரு நூலை இரண்டு முறை சுற்றியிருக்கிறார். பிறகு அந்த விரலைப் பிடித்தபடியே அரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். இரவில் அவர் மறுபடியும் கையை அசைத்தபோது, நான் தலைமாட்டில் இருந்ததால், மகன் இருக்கிறானே, அவன் பிடித்துக்கொள்வான் என்று அவள் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அந்த வரியைக் கைப்பேசியிலிருந்து எடுத்து நோட்டில் கையால் எழுதினேன். ‘முடிச்சிடுகிறார்’ என்ற சொல்லை அடிக்கவில்லை. மகன் அப்படித்தான் புரிந்துகொண்டான், அது இருக்கட்டும். அதன் கீழே மனைவி சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: அது ஆள்காட்டி விரலாம், ஆனால் இடது கையாம். நான் எழுதியதைப் படித்தால் வலது கை என்றுதான் தோன்றுமாம். சேர்த்துக்கொண்டேன்.

கரையோரன் ஐயா, யார்டு என் நாவலில் ஒரு வரியும் இல்லை என்பது உண்மை. நேற்று முதன்முறையாக மூன்று பக்கம் எழுதினேன். லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, சிறிய கேஸ் அடுப்பில், இரவு இரண்டு மணிக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவரைப் பற்றியது. என்னையும் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்து முடித்து, அவருடைய பெட்டியைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆலைக் கதையும் யார்டும் எப்படிச் சேரும் என்பது இன்னும் பிடிபடவில்லை. நானூறு பக்கத்தில் எவ்வளவு நிற்கும் என்பதும் தெரியவில்லை.

பழைய தறிக்காரர் ஐயா, அந்தக் கூடத்தில் நீங்கள் பேசிக்கொண்ட மற்றச் சைகைகளையும் கற்றுத் தருவீர்களா? வரும் ஞாயிறு பகலில் எனக்கு வேலை இல்லை, ஓட்டேரிக்கு வரலாமா? மனைவியும் வருகிறேன் என்கிறாள். அவளுக்கும் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.